தையல் இயந்திரம் கொடுத்த பிறகு நடப்பது என்ன?

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, ஆண்டுதோறும் சில ஏழைக் குடும்பங்களுக்குத் தையல் இயந்திரம், ஆடு, தள்ளுவண்டி என்று வாங்கிக் கொடுத்து வருகிறோம். இரண்டு மூன்று ஆண்டுகளில் பெரும்பாலான குடும்பங்கள் பழைய நிலைக்கே திரும்பிவிடுகின்றன. தொண்டு நிறுவனங்கள் இதை வேறு விதமாகச் செய்கின்றனவா? ஒரு குடும்பம் சொந்தக் காலில் நிற்பதற்கு அவை உண்மையில் என்ன செய்கின்றன?

பதில்:

நீங்கள் செய்த அதே தவற்றை நாங்களும் செய்திருக்கிறோம் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். தென் மாவட்டங்களில் மகளிர் குழுக்களோடு பல ஆண்டுகள் களப்பணி செய்தவன் நான். நான் பணிக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஊரில் பதினெட்டுப் பெண்களுக்கு மூன்று மாதம் தையல் பயிற்சி அளித்து, ஆளுக்கொரு இயந்திரமும் கொடுத்து, புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். மூன்றாம் ஆண்டு போய்ப் பார்த்தபோது நான்கு வீடுகளில் மட்டுமே மிதிகட்டை அசைந்துகொண்டிருந்தது. மற்றவை அடகிலோ பழைய சாமான் கடையிலோ இருந்தன. ‘இவர்களுக்கு அக்கறையில்லை’ என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டோம். பிறகு மூத்த பணியாளர் ஒருவர் வீடு வீடாக உட்கார்ந்து, இயந்திரம் எந்த வாரம், எதற்காகப் போனது என்று மட்டும் கேட்டு எழுதி வந்தார். ஒன்று, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் போயிருந்தது. ஒன்று, மாமனாரின் சாவுச் செலவுக்கு. ஒன்று, பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றி மருத்துவமனையில் சேர்த்த மறுநாள். அந்த வீடுகளில் அடகு வைக்கத் தகுந்த ஒரே பொருளாக நாங்கள் கொடுத்த இயந்திரமே இருந்திருக்கிறது.

வறிய குடும்பத்தின் சிக்கல் வருமானம் குறைவு என்பதோடு முடிவதில்லை. பணம் வருகிற நாளும் பணம் தேவைப்படுகிற நாளும் ஒன்றோடொன்று பொருந்துவதே இல்லை என்பதுதான் அதைவிடப் பெரிய சிக்கல். நடவிலும் அறுப்பிலும் கூலி வருகிறது. செலவோ மழைக்காலக் காய்ச்சலாகவும், பள்ளிக் கட்டணமாகவும், காதுகுத்து மொய்யாகவும் தன் விருப்பப்படி வருகிறது. இந்த இடைவெளியை நிரப்ப ஊரில் எப்போதும் ஆள் உண்டு. தண்டல்காரர் 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் கொடுப்பார். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிப்பார். வாங்குகிறவருக்கு ஆயிரம் ரூபாய்தானே பிடித்தம் என்று தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக அவர் கையில் நின்ற தொகை ஏறத்தாழ 4,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் என்றால் ஆண்டு வட்டி 80 விழுக்காட்டைத் தொடுகிறது. பத்து வட்டி என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொடுப்பவரிடம் ஆண்டுக்கு 120 விழுக்காடு. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் பணம் தருபவர் அவர் ஒருவரே என்பதால் அவருடைய தொழில் நிற்கவில்லை. ஆகவே, கதவைத் தட்டுவதற்கு வேறொரு வீட்டை உண்டாக்கிய பிறகுதான் ஆடும் இயந்திரமும் அந்தக் குடும்பத்தில் தங்கும்.

இதைக் கண்டுபிடித்துச் செய்து காட்டியதில் தென்னிந்தியத் தொண்டு நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னையில் 1978-இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு, காய்கறி, பூ, மீன் விற்கும் நடைபாதைப் பெண்களுக்கு, அரசு வங்கிகளில் 4 விழுக்காட்டு வட்டியில் ஏட்டளவில் இருந்த கடனை வாங்கிக் கொடுப்பதில் தொடங்கியது. வங்கிகளோடு மல்லுக்கட்டி அலுத்த பிறகு, 1981-இல் தனக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தையே அமைத்துக்கொண்டது. கர்நாடகத்தில் இயங்கிய மைராடா என்ற தொண்டு நிறுவனத்தின் கதை இன்னும் சுவையானது. 1968-இல் திபெத்திய அகதிகளின் குடியமர்த்தலுக்காகத் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம், எண்பதுகளின் நடுவில் தான் ஊக்குவித்த பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் ஓரிருவர் ஆதிக்கத்தால் உடைந்துபோனதைக் கண்டது. உறுப்பினர்கள் சிறு சிறு கூட்டமாக வந்து, ‘வாங்கிய கடனைச் சங்கத்துக்குக் கட்ட மாட்டோம், உங்களிடமே கட்டிவிடுகிறோம்’ என்று சொன்னபோது, ‘எங்களுக்கு வேண்டாம், உங்களுக்குள்ளேயே கட்டிக்கொள்ளுங்கள்’ என்று பதில் வந்தது. இன்று நாம் சுய உதவிக் குழு என்று சொல்வதன் முளைகளில் ஒன்று அந்தப் பதில். 1992-இல் வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் மகளிர் குழுத் திட்டம் தொடங்கிவிட்டது. மதுரைப் பக்கம் 1990-இல் களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்கள் தோன்றி, பின்னர் தானம் அறக்கட்டளையின் இயக்கமாக வளர்ந்தன.

குழு என்பதை ஒரு கடன் திட்டமாக மட்டும் நினைப்பவர்கள் ஒரே ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வேலைக்குப் போன பெண்கள் திரும்பி, அடுப்பில் உலை வைத்துவிட்டு, ஏழு மணிக்கு மேல் பள்ளித் திண்ணையிலோ மாரியம்மன் கோயில் முன்றிலிலோ பாய் விரித்து உட்காருவார்கள். ஊக்குநர் தீர்மானப் புத்தகத்தைப் பிரிப்பார். எழுதத் தெரிந்தவர் அவராக இல்லாவிட்டால் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் யாராவது ஒருவரின் மகள் எழுதுவாள். ஒவ்வொருவரும் சேமிப்பையும் தவணையையும் நடுவில் உள்ள துணியில் வைப்பார்கள். எல்லார் கண்ணெதிரிலும் எண்ணப்படும். பிறகுதான் உண்மையான கூட்டம் தொடங்கும். கையிருப்பு 6,000 ரூபாய், கேட்பவர்கள் மூவர். ஒருத்திக்கு மகளின் கல்லூரிக் கட்டணம், ஒருத்திக்குக் கூரை மாற்ற வேண்டும், ஒருத்தி காரணம் சொல்லாமல் தலைகுனிந்து கேட்கிறாள். ‘கூரைக்கு இன்னும் ஒரு மாசம் தாங்கும் அத்தை, நான் வந்து பார்த்தேனே’ என்று ஒரு குரல் எழும். காரணம் சொல்லாதவளின் வீட்டில் முந்தின நாள் என்ன நடந்தது என்பது அங்கிருக்கும் அனைவருக்கும் தெரியும். காரணம் கேட்காமலே அவளுக்கு 2,000 என்று முடிவாகும். எந்த வங்கி மேலாளராலும் இந்த மதிப்பீட்டைச் செய்ய முடியாது.

கணக்கு எளியது. பதினைந்து பேர் மாதம் 100 ரூபாய் வீதம் சேமித்தால் ஆண்டு முடிவில் 18,000 ரூபாய். அந்தச் சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்கே தரும் உள்கடனுக்கு மாதம் 2 வட்டி வைக்கும் குழுக்கள் உண்டு. ஆண்டுக்கு 24 விழுக்காடு என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதிகமாகத் தெரியலாம். ஆனால் அந்த வட்டி தண்டல்காரரின் வீட்டு மாடியாக உயராமல் குழுவின் பெட்டிக்கே திரும்புகிறது என்பதால் பெண்கள் அதைப் பற்றிக் குறைபட்டு நான் கேட்டதில்லை. ஆறு மாதம் ஒழுங்காக நடந்த குழுவைத் தரமதிப்பீடு செய்து, அதன் சேமிப்பைப் போல் சில மடங்கு வரை வங்கி கடன் தரும். ஆனால் அந்த ஆறு மாதத்தில்தான் குழுக்கள் பெரும்பாலும் உடைகின்றன. கணக்கு எழுதுவதில் சந்தேகம், இரண்டு தெருக்களுக்கு இடையேயான பழைய பகை, ‘உன் பெண்டாட்டி கூட்டத்துக்குப் போய் என்ன கிழிக்கிறாள்’ என்று டீக்கடையில் கணவனைச் சீண்டும் பேச்சு ஆகிய எல்லாவற்றையும் தாண்டிக் குழுவை அமர வைப்பவர் தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர். அவருக்கான சம்பளத்தை ‘நிர்வாகச் செலவு’ என்று முகம் சுளிக்கும் நன்கொடையாளர்கள்தான் அதிகம். என் அனுபவத்தில் வாங்கிக் கொடுக்கும் எந்தப் பொருளையும்விட அந்தச் சம்பளத்துக்கே பயன் அதிகம்.

பணத்துக்கு அப்பாலும் ஒன்று நடக்கிறது. அழகர்கோவில் பக்கத்துக் கிராமமொன்றில் கூலி வேலை செய்த சின்னப்பிள்ளை, களஞ்சியத்துக்கு வருவதற்கு முன்பே கூலிப் பெண்களின் கொத்துக்குத் தலைவியாக நின்று நிலக்காரர்களிடம் கூலி பேசியவர். எழுத்தறிவில்லாத அவர் பின்னாளில் ஆயிரக்கணக்கான பெண்களின் களஞ்சிய இயக்கத்தை வழிநடத்தினார். ஸ்திரீ சக்தி விருது வழங்கும் மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியதை நம்மில் பலரும் செய்தியில் கண்டோம். 2019-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. அவர் தலைமைப் பண்பை எந்த நிறுவனமும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த அந்தப் பண்புக்குக் களஞ்சியம் ஒரு பெரிய களத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான். ஒவ்வோர் ஊரிலும் கூலி பேசும் ஒரு பெண் இருக்கிறார். அவரைக் கண்டுபிடிக்கத் தெரிந்த நிறுவனத்துக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ‘குழு’ என்ற பெயரில் இன்று ஊருக்குள் வருவதெல்லாம் இந்தக் குழு இல்லை. பத்துப் பெண்களைக் கூட்டி, ஆதார் நகலும் புகைப்படமும் வாங்கி, ஒரே வாரத்தில் கடன் கொடுத்து, வாரந்தோறும் வாசலில் வந்து வசூலிக்கும் நுண்கடன் நிறுவனங்களும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகின்றன. சேமிப்பில் தொடங்கிய குழுவில் ஒருத்தி தவணை கட்ட முடியாவிட்டால் கூட்டம் கூடிப் பேசும். கடனுக்காகச் சேர்க்கப்பட்ட குழுவில் மற்ற ஒன்பது பேரும் அவள் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். ஒரு நிறுவனத்தின் தவணையை அடைக்க இன்னொன்றில் வாங்கும் சுழல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஆந்திரம் 2010-இல் பார்த்தது. தற்கொலைச் செய்திகளுக்குப் பிறகு அரசு அவசரச் சட்டமே கொண்டுவர நேர்ந்தது. போருக்குப் பிந்தைய இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் கணவனை இழந்த பெண்களின் வாசல்களிலும் இதே காட்சிதான். தமிழ்நாட்டிலும் ஒரே பெண்ணுக்கு நான்கு இடங்களில் வாரக்கடன் இருப்பது புதிதில்லை. உங்கள் ஊரில் ஒரு குடும்பத்துக்கு உதவத் தொடங்கும் முன் முதலில் கேட்க வேண்டியது, ‘எந்தெந்தக் கிழமை யார் யாருக்குத் தவணை?’ என்ற கேள்வி. திங்களுக்கு ஒன்று, புதனுக்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று என்று பதில் வந்தால், நீங்கள் கொடுக்கும் ஆடு எந்தக் கிழமை விற்கப்படும் என்பதையும் ஊகித்துவிடலாம்.

குழுவால் எட்ட முடியாத வீடுகளும் உண்டு. மாதம் 100 ரூபாய் கூடச் சேமிக்க முடியாதவர், நோயாளிக் கணவரோடு இருப்பவர், ஊர் ஒதுக்கி வைத்தவர் ஆகியோர் கூட்டத்துக்கே வருவதில்லை. வந்தாலும் மற்றவர்கள் சேர்த்துக்கொள்ளத் தயங்குவார்கள். வங்கதேசத்தின் பிராக் நிறுவனம் தன் கடன் திட்டங்கள் இவர்களைத் தொடவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, 2002-இல் இவர்களுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. யார் மிக ஏழை என்பதை ஊர்க்காரர்களே கூடி முடிவு செய்கிறார்கள். தேர்ந்தெடுத்த குடும்பத்துக்கு மாடோ ஆடோ கடனாக இல்லாமல் இலவசமாகவே தரப்படுகிறது. அது பலன் தரும் வரை அடித்துத் தின்னவோ விற்கவோ நேராதபடி சில மாதங்களுக்குச் சிறு உதவித்தொகையும் தருகிறார்கள். வாரந்தோறும் ஒரு பணியாளர் வீட்டுக்கு வந்து, மாட்டின் மடியையும் பிள்ளையின் காய்ச்சலையும் சேமிப்புப் புத்தகத்தையும் ஒரே வருகையில் பார்த்துவிட்டுப் போகிறார். இரண்டு ஆண்டுகளில் உதவி நிற்கும் என்பது முதல் நாளே சொல்லப்படுகிறது.

இதே முறையை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சோதித்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. பின்னர் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் அதன் ஆசிரியர்களில் அடக்கம். உதவி நின்று ஓராண்டு கழித்தும் குடும்பங்களின் நுகர்வு ஒப்பீட்டுக் குடும்பங்களைவிடச் சராசரியாக 5 விழுக்காடு அளவுக்குக் கூடியிருந்தது. ஐந்து என்பது பெரிய எண் இல்லைதான். ஆனால் நீங்கள் சொன்ன ‘இரண்டு மூன்று ஆண்டில் பழைய நிலை’ என்ற கதையோடு ஒப்பிட்டால், கூடியது அப்படியே நின்றது என்பதுதான் செய்தி. மேற்கு வங்கத்தில் பந்தன் என்ற நிறுவனம் நடத்திய இதே திட்டத்தில் பத்து ஆண்டுகள் கழித்தும் பலன் மறையவில்லை. ஹோண்டுராஸில் மட்டும் சறுக்கியது. அங்கே பலருக்குக் கோழிகளைக் கொடுத்தார்கள். நோய் வந்து அவை செத்துப்போயின. நம் ஊரில் பங்குனி வெயிலில் தீவனம் இல்லாத நேரத்தில் கறவை மாடு கொடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பால் வற்றிய மாடும் தின்னத்தான் செய்யும். அடுத்த ஈற்று வரை அதற்கு யார் தீவனம் போடுவது என்பதைக் கணக்கில் எடுக்காமல் மாடு வாங்கிக் கொடுப்பது, ஏழை வீட்டில் இன்னொரு வாயைச் சேர்ப்பதாகவே முடியும். காதில் வில்லை மாட்டிக் காப்பீடு செய்தாயிற்றா, கால்நடை மருந்தகம் எத்தனை கிலோமீட்டர் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் நான் இப்போது எந்த மாட்டுக்கும் பரிந்துரை எழுதுவதில்லை.

தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாருக்கும் தையல், எல்லாருக்கும் ஊறுகாய் என்று பயிற்சி கொடுப்பது நமக்கு எளிது. ஊரில் எத்தனை தையல்காரர் பிழைக்க முடியும் என்று யாரும் எண்ணுவதில்லை. இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்பு பிடித்துத் தோல் விற்று வாழ்ந்த இருளர்களின் பிழைப்பு, 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் அதன் பின் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையாலும் ஒரேயடியாக நின்றது. அவர்களுக்குக் கூடை முடையக் கற்றுக்கொடுக்க யாரும் போகவில்லை. ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், அதே கைகள் அதே பாம்புகளைப் பிடித்து, சில வாரங்கள் வைத்து நஞ்சு எடுத்துவிட்டுக் காட்டிலேயே திரும்ப விடுகின்றன. அந்த நஞ்சுதான் நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள். அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆயினும் ஆண்டுக்கு எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்ற அனுமதி வனத்துறையிடமிருந்து வரத் தாமதமானால் அவ்வளவு பேருடைய அடுப்பும் காத்திருக்கும். இப்படி ஒரே வாங்குபவரையோ ஒரே அனுமதியையோ நம்பியிருக்கும் பிழைப்பை முழுத் தற்சார்பு என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய, யாரும் புகைப்படம் எடுக்காத வேலை ஒன்றும் இருக்கிறது: தாள்கள். குடும்ப அட்டை, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை, ஊரக வேலைத் திட்ட அட்டை, காப்பீட்டு அட்டை ஆகியவை. செங்கல் சூளையிலிருந்தோ அரிசி ஆலையிலிருந்தோ மீட்கப்பட்ட கொத்தடிமைக் குடும்பத்துக்கு விடுதலைச் சான்று கையில் இல்லையென்றால் மறுவாழ்வு நிதி நகராது. ஒரு மூதாட்டிக்கு மாதந்தோறும் தவறாமல் உதவித்தொகை வருமாறு செய்வது, அந்த வீட்டுக்கு ஆடு வாங்கிக் கொடுப்பதைவிடச் செலவு குறைந்தது, பயன் நீடித்தது. அதற்கு நாலு முறை வட்டாட்சியர் அலுவலகம் ஏற வேண்டும் என்பதால் பலரும் ஆட்டையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

உங்கள் நண்பர்கள் என்ன செய்யலாம் என்றால், தனியாகப் பொருள் கொடுப்பதை ஓராண்டு நிறுத்திவிட்டு, அருகில் இயங்கும் ஒரு நிறுவனத்தின் பணியாளர் ஒருவரின் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பேன். நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஆண்டறிக்கையின் வழுவழுப்பான தாளைப் பார்க்காதீர்கள். முன்னறிவிப்பின்றி ஒரு குழுக் கூட்டத்துக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். கணக்கை எழுதுவது பணியாளரா, உறுப்பினரா என்று கவனியுங்கள். கடன் பேரேட்டில் மிகச் சிறிய தொகைகள் நிறைய இருந்தால் நல்லது. 500, 1,000 என்று அவசரத்துக்கு வாங்கிக் கட்டியவை அவை, தண்டல்காரரிடம் போகாமல் நின்ற இரவுகளின் பதிவு. கடைசியாக, ‘நீங்கள் விட்டுவிட்டு வந்த ஊர் எது?’ என்று கேளுங்கள். களஞ்சியக் குழுக்கள் ஒன்றுசேர்ந்து வட்டாரக் களஞ்சியமாகி, தங்கள் பணியாளர்களைத் தாங்களே அமர்த்திக்கொள்வது போல, நிறுவனம் விலகிய பின்னும் கூட்டம் நடக்கிற ஊர் ஒன்றையாவது அவர்கள் காட்ட வேண்டும். பெயர் சொன்னால், அவர்களை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் ஒரு மாலை அந்த ஊருக்குப் போய், பாய் விரிக்கிற நேரம் எது என்று விசாரியுங்கள்.